பத்தொன்பது காலைகள்

செப்டம்பர் 19

நீட்டிப்புக் கடிதம் வந்துவிட்டது. 'இதுவே இறுதி' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நவம்பர் 30-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்தாகும். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆய்வுக் குழுவின் முன்னால் நின்று விளக்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் நானும் ஒரு மாணவன். குழு கூட எழுபது நாள் இருக்கிறது.

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். யார் என்ன செய்தார்கள் என்பது பின்னால் தேவைப்படும்.

கல்லூரி முதல் மாடியில், பழைய சாமான் அறைக்குப் பக்கத்து அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள். ஆறு கரைசல்கள், ஒவ்வொன்றும் இரண்டு தட்டில்: வெறும் தண்ணீர், நீர்த்த உப்புக் கரைசல், இனி உப்பு கரையாது என்ற அளவுக்கு நிறைந்த கரைசல், சர்க்கரைக் கரைசல், வினிகர், கடைசியாக உப்பளத்துக் கசப்பு நீர். பாத்தியில் உப்பை வாரி எடுத்த பிறகு அடியில் மிஞ்சுகிறதே, அந்தத் தண்ணீர். முத்தையாபுரம் பக்கம் போய் நானே இரண்டு கேனில் பிடித்து வந்தேன். எது எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பதுதான் ஆய்வு. காலை ஏழரைக்கு ஒரு எடை, பிறகு பள்ளிக்கூடம், மாலை ஐந்தேகாலுக்கு இன்னொரு எடை. மூன்று நாளுக்கு ஒருமுறை புதுக் கரைசல். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது.

செப்டம்பர் 27

மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று விடாமல் வீசுகிறது. தூத்துக்குடி முழுக்கப் புழுதி. கரைசலுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வெறும் தண்ணீர் வேகமாகக் குறைகிறது, உப்பு கூடக் கூட வேகம் தணிகிறது, கசப்பு நீர் கடைசி. ஒவ்வொன்றுக்கும் வெறும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் நாள்தோறும் ஒன்றாகவே வருகிறது. வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கிறது.

வழிகாட்டியிடம் காட்டினேன். வழிகாட்டி என்றால் ஜெயரூபி. எம்.எஸ்சி.யில் எனக்கு ஒரு வருடம் இளையவர். பியூரெட்டில் அளவை எந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். 1999-இல் இந்தக் கல்லூரியில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் வந்தபோது அது அவருக்குப் போனது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராகப் போனேன். இன்றும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார். நான் 'மேடம்' என்கிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"ஈரப்பதம் தினமும் எடுக்குதீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"வருசச் சராசரி எடுத்து வச்சிருக்கேன், மேடம். எழுபது சதவீதம்."

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே எழுபதா?"

"பக்கத்துல கடல் இருக்கு. அது எங்கேயும் போயிராது."

சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தெரிந்தவன் சொன்னால் கேட்க வேண்டியதுதானே.

அக்டோபர் 4

ஸ்கூட்டர் பின் டயர் பஞ்சர். மீளவிட்டானிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தேன். அளவு பன்னிரண்டு நிமிடம் தாமதம், அதையும் குறித்தேன்.

அக்டோபர் 15

பொறுமைக்கும் அளவு உண்டு. மாலை போய்ப் பார்த்தால் தட்டுகள் பன்னிரண்டும் மேசையின் மறுகோடியில், வரிசை கலைந்து கிடக்கின்றன. ஆய்வக உதவியாளன் லிகோரி கையில் துடைப்பத்துடன் நின்றான். பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவன். கல்லூரியே தன் தலையில் நிற்கிறது என்ற நினைப்பு.

"தரை தொடைக்கதுக்குத் தள்ளி வச்சேன் சார். ஒரு சொட்டு சிந்தல. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"தட்டை எண்ணதுக்கா நான் வாரேன்? வரிசை போச்சு."

"நம்பர் ஒட்டிருக்கீயள்லா. ஒண்ணு ரெண்டு எனக்கும் தெரியும். அடுக்கித் தாரேன்."

"எம்.எஸ்சி. படிச்சது நீயா, நானா?"

"படிச்சது நீங்க. தொடைக்கது நான்."

இனி அந்த அறைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். 'ரொம்ப சந்தோசம்' என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனான்.

ராத்திரி பருவத்தின் முதல் மழை. என் மனைவி மரகதம் கொடியில் கிடந்த துணியையெல்லாம் எழுந்துபோய் அள்ளி வந்தாள்.

அக்டோபர் 16

நிறைந்த உப்புக் கரைசல் நேற்று மாலையைவிட 0.7 கிராம் கூடியிருக்கிறது. கசப்பு நீர் 2.6 கிராம் கூடியிருக்கிறது. ஆவியாகும் பொருள் எடை கூடுமா? தராசைச் சோதித்தேன். தராசு சரி.

நேற்று சண்டை, இன்று இது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 17

உப்பு +0.6. கசப்பு நீர் +2.9. வெறும் தண்ணீர் வழக்கம்போலக் குறைந்திருக்கிறது. சர்க்கரையும் அப்படியே. எல்லாத் தட்டிலும் ஊற்றினால் உடனே தெரிந்துவிடும் என்று உப்புத் தட்டுகளில் மட்டும் ஊற்றுகிறான். எதைத் தொட்டால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து செய்கிறான். படிக்காதவன் என்று நினைத்தது என் தவறு.

அக்டோபர் 20

+0.5. +2.2. மழை.

அக்டோபர் 22

நேற்று மாலை கதவிடுக்கில் காகிதம் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டு வந்தேன். காலையில் காகிதம் கிழியாமல் இருந்தது. எடை கூடியிருந்தது.

ஆகவே ஜன்னல் வழியாக. தாழ்வாரத்து ஜன்னலின் கம்பிக்குள் நீண்ட பிப்பெட்டை நுழைத்தால் தட்டுவரை எட்டுமா என்று செய்து பார்த்தேன். ஒன்றேகால் அடி குறைகிறது. லிகோரிக்குக் கை நீளம்.

அக்டோபர் 24

தீபாவளி. காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறந்து அளவெடுத்தேன். இன்றும் கூடுதல். லிகோரி இரண்டு நாளாக விடுப்பில் என்று காவலாளி சொல்கிறான். விடுப்பில் இருப்பவன் வரக் கூடாது என்று சட்டமா?

நேற்றுச் சுட்ட முறுக்கு அதற்குள் நமத்துவிட்டது. டப்பா மூடி சரியில்லை என்கிறாள் மரகதம்.

அக்டோபர் 31

குழு கூட இன்னும் இருபத்தெட்டு நாள். பதினாறு காலைகள் கெட்டுப்போய்விட்டன. இவற்றைச் சேர்த்தால் என் விகிதம் சிதறுகிறது, வரைபடம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. காரணம் சொல்லாமல் விட்டால் குழு கேட்கும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். விட மாட்டேன்.

நவம்பர் 3

ஜெயரூபியிடம் புகார்க் கடிதம் கொடுத்தேன். அக்டோபர் 16 முதல் இன்றுவரை பத்தொன்பது காலைகள். உள்நோக்கத்துடன் அளவுகள் கெடுக்கப்பட்டன, செய்தவர் லிகோரி, ஆகவே இவற்றை ஆய்விலிருந்து நீக்க அனுமதிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் முடித்துவிட்டேன்.

இரண்டு முறை படித்தார்.

"அண்ணே, அவர் ஊத்துனத யாராச்சும் பாத்தாங்களா?"

"பாக்குற மாதிரி ஊத்துறவன் ஏன் ஊத்துறான், மேடம்?"

"எழுத்துல குடுத்துட்டா அது நிக்கும். நாளைக்கு நீங்களே நெனச்சாலும் லேசுல எடுக்க முடியாது. அவரு ஒப்பந்தம் இந்த மாசம் முப்பதோட முடியுது, தெரியும்லா?"

"என் பதிவும் முப்பதோட முடியுது."

கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

நவம்பர் 4

துறைக் கூட்டம். இந்தத் துறையில் ஒரு வழக்கம்: யார்மேல் புகார் வந்தாலும் அவரை எழுந்து நிற்கவைத்து, எல்லார் முன்னாலும் அதை வாசிப்பார்கள். ஜெயரூபி வாசித்தார். லிகோரி சுவரோரம் நின்று கேட்டான். பேராசிரியர்கள் தேநீர் குடித்தார்கள்.

"நீங்க என்ன சொல்லுதீங்க லிகோரி?"

"நான் ஊத்தணும்னா ஒரு குடம் ஊத்திருப்பேன் மேடம். மூணு கிராமா அளந்தா ஊத்துவேன்?"

ரெண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப எப்படிக் கூடுச்சு?" இதை நான் கேட்டேன்.

"ஐப்பசி மாசம் உப்பு வேர்க்கத்தான செய்யும் சார்."

வேதியியல் துறையில் நின்றுகொண்டு இப்படி ஒரு பதில். பதிவேட்டில் அப்படியே எழுதச் சொன்னேன், திமிருக்கு ஆதாரமாக. மாலையில் அவனுக்கு மெமோ போய்விட்டது. புகார் நிற்கும்வரை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

நவம்பர் 6

பத்தொன்பது காலைகளையும் நீக்கியாயிற்று. விகிதம் மூன்றாவது தசமம்வரை நிற்கிறது. புகார்க் கடிதத்தின் நகல் பின்னிணைப்பு நான்கு. அதுதான் நீக்கத்துக்குக் காரணம் சொல்கிறது. தட்டச்சுக்காரரிடம் ஐந்து அத்தியாயத்தையும் கொடுத்துவிட்டேன். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு இன்று மதியம் வீட்டில் தூங்கினேன்.

நவம்பர் 10

குழுவில் வெளியிலிருந்து வரும் உறுப்பினர் கறாரானவராம். 'கெடுத்தார் என்பதற்கு நிரூபணம் எங்கே' என்று கேட்டால்? அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். உப்பு ஒரு தட்டு, கசப்பு நீர் ஒரு தட்டு, என் பள்ளிக்கூட ஆய்வகத்தின் கம்பிவலை அலமாரிக்குள். பூட்டு என்னுடையது. சாவி என் சட்டைப் பையில். இங்கே எடை ஒழுங்காகக் குறையும், அங்கே கூடியது, அவ்வளவுதான் நிரூபணம். லிகோரியின் வாயை அடைக்க இரண்டு தட்டு போதும்.

நவம்பர் 11

+0.6. +2.4.

பள்ளியில் கூட்டிப் பெருக்க வருகிறவளுக்கும் லிகோரிக்கும் ஏதாவது உறவா என்று விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 12

சனிக்கிழமை. உறவு இல்லை. அவள் ஊர் கோவில்பட்டி. தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருக்கிறேன். தராசையும் பள்ளியிலிருந்து எடுத்து வந்தேன்.

நவம்பர் 13

+0.8. +3.1.

வீட்டில் நானும் மரகதமும் மட்டும். அடுப்படியில் நின்றவளிடம் கேட்டேன்.

"பீரோ மேல இருக்க தட்டை நீ தொட்டியா?"

"எந்தத் தட்டு?"

"கண்ணாடித் தட்டு. தண்ணி கிண்ணி ஊத்துனியா?"

தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். இருபத்து நான்கு வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"முதல்ல அந்தக் காலேஜ்காரர். பெறவு பள்ளிக்கூடத்துல கூட்டுத அந்தப் பொம்பள. இப்ப நான். அடுத்து யாரு, வாசல்ல படுத்துக்கிடக்க நாயா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"தண்ணி ஊத்த எனக்கு நேரம் இருந்தா உங்க சட்டையத்தான் இன்னொருக்கா பிழிவேன். மூணு நாளா காயல. கொடியில தொங்கத் தொங்க நனையுது."

தோசை கருகிவிட்டது. அதையே எனக்கு வைத்தாள்.

நவம்பர் 14

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 15

எழுதத்தான் வேண்டும்.

உப்பு நிறைந்த கரைசல், காற்றில் ஈரம் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீரை விடும். அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு. அது இன்னும் பேராசை பிடித்தது, பாதி ஈரம் இருந்தாலே இழுக்கத் தொடங்கிவிடும். செப்டம்பரில் காற்று பாதி ஈரத்துக்கும் கீழே வறண்டிருந்தது, ஆகவே இரண்டும் குறைந்தன. மழை தொடங்கிய பிறகு ராத்திரிக் காற்றில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. ஆகவே கூடியது. வெறும் தண்ணீருக்கு இழுக்கும் குணம் இல்லை, ஆகவே குறைந்தது. நான் எல்லாப் பக்கத்துக்கும் எழுபது போட்டேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வருடாவருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோட்டில் எழுதிப்போடும் பாடம். லிகோரி என்ற விடை கையில் இருந்தது, அதனால் வேறு விடை தேடவில்லை.

நவம்பர் 16

ஆனால் ஒன்று. தட்டுகளை நகர்த்தியது அவன்தான். அதை அவனே ஒப்புக்கொண்டான்.

நவம்பர் 17

புகாரைத் திரும்பப் பெற்றால் பின்னிணைப்பு நான்கு போய்விடும். அது போனால் பத்தொன்பது காலைகளையும் உள்ளே சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் மாறாத விகிதம் என்று நான் நாலாம் அத்தியாயத்தில் நிறுவியது பொய்யாகிறது. நாலு விழுந்தால் ஐந்தும் விழும். பதின்மூன்று நாளில் இரண்டு அத்தியாயம் எழுத முடியாது, மழைக்கால அளவுகளும் போதாது. பட்டம் கிடையாது.

புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் லிகோரிக்கு வேலை கிடையாது. வேறு வேலை கிடைக்கும். துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி.

நவம்பர் 18

ஆய்வேடு பைண்டிங்கிலிருந்து வந்துவிட்டது. கருநீல அட்டை. பொன் எழுத்தில் என் பெயர். மரகதம் புடவைத் தலைப்பால் துடைத்துச் சாமி அறையில் வைத்தாள். 'முடிஞ்சிட்டா?' என்றாள். முடிந்தது என்றேன்.

நவம்பர் 19

தூக்கம் இல்லை. 1999-இல் தேர்வுக் குழுவில் இருந்தவர்களுக்கு ஜெயரூபியின் மதிப்பெண் என்னுடையதைவிட நான்கு கூடுதல் என்று தெரியும். எனக்கும் தெரியும். எதற்காக இதை இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 21

லிகோரியைப் பார்த்தேன். தேடிப் போகவில்லை. அவர் வீட்டுத் தெரு வழியாகத்தான் தட்டச்சுக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். (வேறு வழியும் இருக்கிறது.) வாசலில் உட்கார்ந்து மேசை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வாங்க சார். இங்க அளக்க ஒண்ணும் இல்லியே."

வந்த விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அலமாரி, பூட்டு, பீரோ, மழை, எல்லாம். அவர் ஒரு திருகாணியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"என்னைக்குத் தெரிஞ்சிச்சு?"

"பதிமூணாந் தேதி."

"இன்னைக்கு இருவத்தொண்ணு." விரல் விட்டு எண்ணினார். "பழி போட ஒரு ராத்திரி. எடுக்க எட்டு நாளு. உங்க ஆராய்ச்சிக்கு இது நல்லா இருக்கும் சார், எது வேகமா போகுது, எது மெதுவா போகுதுன்னு."

"திரும்ப வாங்கிக்கிடுதேன். நாளைக்கே மேடத்துகிட்ட தனியாச் சொல்லி..."

"தனியாவா?" அப்போதுதான் எழுந்து நின்றார். "என்னைய நிக்க வச்சு வாசிச்சாங்க. டீ குடிச்சிக்கிட்டே கேட்டாங்க. கெமிஸ்ட்ரி வாத்தியார் அத்தனை பேரும் இருந்தாங்க, உப்பு ஏன் வேர்க்குன்னு ஒருத்தரும் வாயத் தெறக்கல. அதே ஹால்ல, அதே மாதிரி கூட்டம் போட்டு, நீங்க நின்னு வாசிங்க. இல்லன்னா விட்டுருங்க. எனக்கு விசிறி ரிப்பேர் தெரியும்."

"வாசிச்சா என் பட்டம் போயிரும், லிகோரி."

"அது உங்க கணக்கு சார்."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் குடித்திருப்பேனா என்பது வேறு.

நவம்பர் 22

கடிதம் எழுதினேன். ஐந்து முறை கிழித்தேன். 'தவறுதலாக' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. நாலையும் அடித்தேன்.

மரகதத்திடம் சொன்னேன். சாமி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அப்ப அது முடியலையா?" என்றாள். இல்லை என்றேன். "சரி, அப்ப காலைல ஏழுக்கே டிபன் வேணுமா?" என்று கேட்டாள்.

நவம்பர் 24

கூட்டம் கூட்டச் சொன்னதும் ஜெயரூபி கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நாலு நாள் இருக்கு. குழு முடியட்டும். டிசம்பர்ல வாபஸ் வாங்குங்க. நான் எப்படியாச்சும் அவரை மறுபடி எடுக்கப் பாக்குதேன்."

நல்ல யோசனை. நானும் இதை யோசித்திருக்கிறேன், ஐந்து நாளாக.

"எடுக்க முடியலைன்னா, மேடம்?"

கதவைத் திறந்துவிட்டார்.

மூன்று மணிக்கு வாசித்தேன். லிகோரி அன்று நின்ற அதே சுவரோரம் நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். அக்டோபர் 16 முதல் நவம்பர் 3 வரையிலான பத்தொன்பது அளவுகளும் சரியானவை. யாரும் அவற்றைக் கெடுக்கவில்லை. ஈரப்பதத்தை அளக்காமல் ஒரே எண்ணைப் போட்டவன் நான். லிகோரி சொன்ன காரணமே உண்மையான காரணம், அது கூட்டப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தேநீர் வந்தது. யாரும் எடுக்கவில்லை.

லிகோரி பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எழுந்து, மெமோவை ரத்து செய்யும் கடிதம் உண்டா என்று ஜெயரூபியிடம் கேட்டு, கையில் வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 28

குழு. கருநீல அட்டையைக் கொண்டுபோகவில்லை. எல்லா அளவுகளும் கொண்ட புதிய வரைபடத்தை மட்டும் வைத்தேன். கோடு மேலே போய், மழையில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மதியங்களில் ஏறி, மறுபடி இறங்குகிறது.

வெளி உறுப்பினர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆவியாதல் ஆய்வா? பாதிக் கரைசல் தண்ணி குடிச்சிட்டுல்லா இருக்கு."

"ஆமா சார். குடிக்கும்போது அதுக்கு ஆவியாதல் வேகம் மைனஸ். உப்பளக்காரங்களுக்கு வருசத்துல மூணு மாசம் இதுதான் நடக்கு. செப்டம்பரை மட்டும் அளந்துட்டு உப்பைப் பத்தி எழுத முடியாது."

"தினசரி ஈரப்பதம் எங்கே?"

"எடுக்கல."

"அப்போ இதை வச்சு என்ன முடிவு சொல்றீங்க?"

"இப்போ எந்த முடிவும் சொல்ல முடியாது. முழுசா ஒரு வருசம் அளக்கணும்."

பரிந்துரை செய்ய இயலாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மூன்றாவது கையெழுத்து ஜெயரூபியுடையது. அவருக்குக் கை தயங்கியதை நான் பார்த்தேன். இருபத்து மூன்று வருடமாக அவரை என் இடத்தைப் பறித்தவராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தாழ்வாரத்தில் பின்னாலேயே வந்தார். "ஜனவரில புதுப் பதிவுக்கு நுழைவுத் தேர்வு இருக்குண்ணே. இருவத்துரெண்டு வயசுப் பிள்ளைகளோட உக்காந்து எழுதணும்."

"பாடத்திட்டம் மாறிருக்கா, மேடம்?"

"நெறைய."

"அனுப்பி வைங்க."

டிசம்பர் 1

பதிவு நேற்றோடு ரத்து. லிகோரியின் ஒப்பந்தம் மேலும் ஒரு வருடம். ஜெயரூபி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார், கூடவே அறுபது பக்கப் பாடத்திட்டமும், அறையை மார்ச் வரை வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும்.

தட்டுகளில் நேற்று மாலையே புதுக் கரைசல் ஊற்றி எடை போட்டு வைத்திருந்தேன். காலை ஏழு இருபதுக்குப் போனேன். ஈரப்பதமானி என் சொந்தக் காசில் வாங்கியது, பையில் இருந்தது. மாடிப்படி அடியில் லிகோரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவிக்குக் கை நீட்டினேன்.

"மாணவர்னா சாவி தருவேன் சார். நீங்க இப்ப வெளியாளு. இதுல எழுதணும்." வருகைப் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். முகத்தில் கேலியும் இல்லை, நட்பும் இல்லை.

பெயர் எழுதினேன். நேரம் எழுதினேன். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் 'அளவெடுக்க' என்று எழுதினேன். எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருசம்."

"தினமும் கையெழுத்து போடணும் சார்."

போடுகிறேன் என்றேன்.

ஈரப்பதம் 91. நிறைந்த உப்பு +0.7. கசப்பு நீர் +2.8.